மரத்தின் எண்ணிக்கையும் காட்டின் நலமும்: கனடியப் புல்வெளிக் காடுகளை முன்வைத்து ஒரு கருத்துரை

முன்னுரை

சுற்றுச்சூழல் குறித்துத் தமிழில் எழுதப்பெறும் கட்டுரைகளுள் பல ஒரு முற்கோளிலிருந்து தொடங்குகின்றன. மரம் பெருகினால் நிலம் நலம் பெறும். மரம் குறைந்தால் நிலம் நலிவுறும் என்பதே அம்முற்கோள். அது பெரும்பாலும் ஆராயப்படுவதில்லை. இலக்கியத்தில் காடு பேசப்படும் இடங்களைத் தொகுத்து, இக்கால மரநடுகை முழக்கங்களோடு இணைத்து, முன்னோர் இயற்கையைப் போற்றினர் என முடிப்பது ஒரு வாய்பாடாகவே ஆகிவிட்டது. இவ்வாய்பாட்டின் அடித்தளத்தைச் சோதிக்க வேண்டுமாயின், மரமே இயல்பாக அரிதாய் அமைந்த ஒரு நிலத்தை எடுத்துக்கொள்வது பயன் தரும். கனடாவின் மானிடோபா, சஸ்காச்சுவான், ஆல்பர்ட்டா ஆகிய மூன்று மாநிலங்களின் தென்பகுதியில் விரிந்துள்ள பிரெய்ரி என்னும் புல்வெளி அத்தகைய நிலம்.

அயல்நாட்டுக் காடுகளின் நலம் பற்றிய பேச்சுக்குத் தமிழாய்விதழில் என்ன இடம் என்னும் வினா எழலாம். இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, திணைக்கோட்பாட்டை உலக இலக்கியங்களுக்கும் உலக நிலங்களுக்கும் பொருத்தும் முயற்சிகள் நம்மிடையே பெருகிவருகின்றன. அயல் நிலத்தின் இயல்பை அறியாமல் திணைப்பெயரை மட்டும் ஏற்றினால் அம்முயற்சி வெறும் பெயர்சூட்டலாக முடியும். மற்றொன்று, சூழலியல் நூல்களைத் தமிழாக்கும்போது காடு, புல்வெளி, தரிசு ஆகிய சொற்களை நாம் ஆளும் முறையிலேயே ஒரு மதிப்பீடு ஒளிந்திருக்கிறது. அம்மதிப்பீடு தவறானது என்பதைப் பிரெய்ரியின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது. புல்வெளி நாட்டுக் காட்டின் நலத்தை மரங்களின் எண்ணிக்கையால் அளக்க இயலாது. புல், நீர், தீ, மந்தை, மாந்தர் ஆகியவற்றோடு அம்மரங்கள் கொண்டுள்ள உறவாலேயே அளக்க முடியும் என்பது இக்கட்டுரையின் துணிபு.

நிலத்தின் அமைப்பு

பிரெய்ரி மாநிலங்களின் வடபகுதியில் பெரும்பரப்பு ஊசியிலை மரங்கள் மிகுந்த வடபுலப் பெருங்காடு. தென்பகுதி புல்வெளி. இவ்விரண்டிற்கும் இடையே தென் மானிடோபாவில் தொடங்கி, நடு சஸ்காச்சுவான் வழியாக, நடு ஆல்பர்ட்டா வரை ஒரு வில்லைப்போல வளைந்து செல்லும் இடைநிலம் ஒன்று உண்டு. அங்கே புல்லின் நடுவே திட்டுத்திட்டாக மரக்கூட்டங்கள் நிற்கும். அவற்றுள் தலைமையானது ஆஸ்பென் என்னும் மரம். அரச இலையைப்போலச் சிறு காற்றுக்கும் நடுங்கும் இலை அதற்கு. ஒரே வேர்த்தொகுதியிலிருந்து பல தண்டுகள் கிளம்பி ஒரு தோப்பாகத் தோன்றுவது அதன் சிறப்பு. கண்ணுக்குப் பல மரங்களாகத் தெரிவது மண்ணுக்குள் ஓர் உயிராக இருக்கலாம். எனவே மரங்களை எண்ணிக் காட்டை அளப்பது என்னும் எண்ணமே இங்கு முதற்படியில் தடுமாறுகிறது.

இடைநிலத்திற்கு அப்பாலும் காடுகள் உண்டு. சஸ்காச்சுவானில் பிரின்ஸ் ஆல்பர்ட் நகரை ஒட்டி, உழவு நிலங்களால் சூழப்பட்டுத் தனித்து நிற்கும் நிஸ்பெட், ஃபோர்ட் ஆ லா கோர்ன் முதலிய காடுகளைத் தீவுக்காடுகள் என்றே அம்மக்கள் வழங்குகின்றனர். தெற்கே சைப்ரஸ் குன்றுகளில் லாட்ஜ்போல் பைன் மரங்கள் புல்வெளிக்கு மேலே ஒரு தனியுலகாக உள்ளன. ஆற்றங்கரைகளில் காட்டன்வுட் மரங்கள் நிற்கின்றன. இவை யாவும் ஒரே வகைக் காடுகள் அல்ல. தீவுக்காட்டின் ஜாக் பைன் காய்கள் பலவும் பிசினால் மூடப்பட்டவை. தீயின் வெம்மை பட்டாலன்றி எளிதில் விரிந்து விதை உதிர்ப்பதில்லை. காட்டன்வுட் கன்றுகள் முளைக்க ஆற்றில் வெள்ளம் வந்து புதுமணல் படிய வேண்டும். ஆல்பர்ட்டாவின் தென்பகுதியில் செயின்ட் மேரி ஆற்றின் அணைக்குக் கீழே அம்மரங்கள் நலிந்தமைக்கு வெள்ளத்தின் போக்கு மாறியதே காரணம் என ஆய்வாளர் காட்டியுள்ளனர். ஒன்றுக்குத் தீ வேண்டும். மற்றொன்றுக்கு வெள்ளம் வேண்டும். நாம் பேரிடர் என்று மட்டுமே பெயரிட்டுப் பழகிய இரண்டும் இக்காடுகளுக்குப் பிறப்பின் வாயில்கள்.

தீயும் மந்தையும்

இப்புல்வெளி மழைக்குறைவால் மட்டும் அமைந்ததன்று. மழை அளவு மரத்திற்குப் போதுமானதாக இருந்த இடைநிலத்திலும் மரம் கட்டுக்குள் நின்றதற்கு இரண்டு ஆற்றல்கள் காரணம். ஒன்று தீ; மற்றொன்று பைசன் என்னும் காட்டெருதின் பெருமந்தை. மின்னலால் எழுந்த தீயோடு, கிரீ, பிளாக்ஃபுட் முதலிய தொல்குடி மக்கள் அறிந்தே மூட்டிய தீயும் சேர்ந்தது. காய்ந்த புல்லை எரித்தால் புதுப்புல் விரைந்து தளிர்க்கும்; தளிர்த்த இடம் நோக்கி மந்தை வரும்; மந்தை வரும் இடத்தை அறிந்தவர்க்கு வேட்டை எளிதாகும். மந்தை இளமரங்களை மிதித்தும் உரசியும் ஒடித்தும் கட்டுப்படுத்தியது. ஆஸ்பென் முற்றாக அழியவும் இல்லை. புல்லை முற்றாக வெல்லவும் இல்லை. தண்டு எரிந்தாலும் வேர் பிழைத்து மீண்டும் துளிர்த்தது.

1880களுக்குள் பைசன் மந்தை ஏறத்தாழ முற்றாக அழிக்கப்பட்டது. தொல்குடி மக்கள் உடன்படிக்கைகளாலும் பசியாலும் ஒதுக்குநிலங்களுக்குள் அடைக்கப்பட்டனர். குடியேறிய உழவர்கள் புல்வெளியை உழுதனர். சாலைகளும் உழுத வயல்களும் தீயின் வழியை மறித்தன. தீ மூட்டுவது குற்றமாயிற்று. அதன் பின்னர் உழப்படாமல் எஞ்சிய புல்வெளிகளுக்குள் ஆஸ்பென் பரவத் தொடங்கியது. இன்று இடைநிலத்தில் தொன்மைக் காடுபோலத் தோன்றும் தோப்புகளுள் பல இக்குடியேற்றக் காலத்திற்குப் பின் செறிந்தவை. அவற்றின் வளர்ச்சி ஒரு வகையில் மந்தையும் மக்களும் அகற்றப்பட்டதன் பதிவு. மரம் பெருகியதைக் கண்டு இயற்கை மீண்டது என்று மகிழ்வோர் இவ்வரலாற்றை மறந்துவிடுகின்றனர்.

இதனை உணர்ந்தே பிற்காலத்தில் சில இடங்களில் கொள்கை மாறியது. ஆல்பர்ட்டாவின் எல்க் ஐலண்ட் தேசியப் பூங்காவில் பைசன் மந்தை பேணப்படுவதோடு, திட்டமிட்ட தீயும் மூட்டப்படுகிறது. சஸ்காச்சுவானின் பிரின்ஸ் ஆல்பர்ட் தேசியப் பூங்காவிற்குள் எஞ்சியிருக்கும் புல்வெளித் துண்டுகளில் மரம் ஏறாமல் காப்பது அப்பூங்காவின் பணிகளுள் ஒன்று. காட்டுப் பூங்காவில் மரத்தைத் தடுப்பதா என வியப்போர் உண்டு. அவ்வியப்பே மேற்சொன்ன முற்கோளின் வலிமைக்குச் சான்று.

மரம் நடுதலின் வரலாறு

மரநடுகை நாள் என்னும் வழக்கம் பிறந்தது அமெரிக்கப் புல்வெளி மாநிலமாகிய நெப்ராஸ்காவில், 1872ஆம் ஆண்டில். மரமில்லாத நிலத்தைக் குறையுடைய நிலமாகக் கண்ட குடியேறிகளின் கண்ணோட்டத்திலிருந்தே அது எழுந்தது. அடுத்த ஆண்டே, மரம் வளர்ப்போர்க்கு நிலம் வழங்கும் சட்டம் ஒன்றை அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றியது. மரம் நட்டால் மழை வரும் என்னும் நம்பிக்கை அன்று பரவியிருந்தது. நட்ட கன்றுகளுள் பெரும்பகுதி வறட்சியில் பட்டன; முறைகேடுகளும் மலிந்தன; 1891இல் அச்சட்டம் நீக்கப்பட்டது. இன்று அதே நெப்ராஸ்காவிலும் கான்சஸ், ஓக்லஹோமா மாநிலங்களிலும் செஞ்சீடர் என்னும் மரம் தீயில்லாமையால் புல்வெளிகளை மூடிவருகிறது. மேய்ச்சல் குறைகிறது, புல்வெளிப் பறவைகள் இடம் இழக்கின்றன. அம்மரம் அயல்நாட்டிலிருந்து வந்ததன்று, அம்மண்ணுக்கே உரியது. உரிய மரமே ஆயினும் உரிய உறவுகள் அற்றபோது அது நிலத்திற்குக் கேடாகலாம்.

கனடாவில் வரலாறு சற்று வேறு. சஸ்காச்சுவானின் இந்தியன் ஹெட் என்னும் ஊரில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரசு நாற்றுப்பண்ணை ஒன்று அமைந்தது. உழவர்க்கு மரக்கன்றுகளை வழங்குவது அதன் பணி. வீட்டையும் வயலையும் காற்றிலிருந்து காக்கும் காற்றரண் வரிசைகள் அக்கன்றுகளால் எழுந்தன. 1930களில் வறட்சியும் புழுதிப் புயலும் புல்வெளி உழவரை நாட்டைவிட்டே துரத்திய காலத்தில், மேல்மண்ணைப் பிடித்துவைக்க இம்மரவரிசைகளின் தேவை நன்கு உணரப்பட்டது. ஒரு நூற்றாண்டிற்கு மேல் இயங்கி, 60 கோடிக்கும் அதிகமான கன்றுகளை வழங்கிய அத்திட்டத்தை நடுவணரசு 2013இல் கைவிட்டது. இன்று பெருங்கருவிகளால் உழும் பெரும்பண்ணைகளுக்கு அவ்வரிசைகள் இடையூறாகத் தோன்றுகின்றன. பல இடங்களில் அவை வேரோடு பிடுங்கப்படுகின்றன.

இவ்விரு வரலாறுகளையும் ஒப்புநோக்கினால் ஓர் உண்மை புலப்படும். மரம் நடுதல் தன்னளவில் நன்மையும் அன்று, தீமையும் அன்று. உழுத நிலத்தின் ஓரத்தில் காற்றைத் தடுக்க நட்ட மரம் மண்ணைக் காத்தது. உழாத புல்வெளியின் நடுவில் பரவிய மரம் புல்லை அழித்தது. எங்கே, எதற்காக, எதன் இடத்தில் என்னும் மூன்று வினாக்களுக்கு விடையின்றி மரங்களை எண்ணுவது பொருளற்றது. 2019இல் கனடிய ஆட்சியாளர் 200 கோடி மரம் நடுவதாக வாக்களித்தபோதும் மக்கள் மனத்தில் பதிந்தது அவ்வெண்ணே.

இன்றைய நலக்கேடு

இனி, இக்காடுகள் இன்று எந்நிலையில் உள்ளன என்பதைக் காண்போம். கனடியக் காட்டியல் ஆய்வாளர் டெட் ஹாக் என்பவர் 1990களில் ஓர் எளிய அளவீட்டை முன்வைத்தார். ஓராண்டில் பெய்யும் மழை, பனி ஆகியவற்றின் அளவிலிருந்து, மண்ணும் செடியும் ஆவியாக்கக்கூடிய நீரின் அளவைக் கழிப்பதே அது. கழித்து வரும் எண் சுழியாகும் கோடு, வடபுலப் பெருங்காட்டின் தென் எல்லையோடு பெரிதும் ஒத்துச் செல்வதை அவர் காட்டினார். கோட்டிற்கு வடக்கே மிச்சம், தெற்கே பற்றாக்குறை. காட்டின் எல்லை நீர்க்கணக்கின் எல்லை. வெப்பம் ஏறினால் ஆவியாதல் ஏறும். மழை குறையாவிடினும் அக்கோடு வடக்கே நகரும். ஆனால் கோடு நகரும் வேகத்திற்கு மரம் நகர இயலாது.

2001, 2002ஆம் ஆண்டுகளின் கடும் வறட்சி இதனை ஏட்டுக் கணக்கிலிருந்து கண்கூடாக மாற்றியது. காட்டின் தென் விளிம்பிலும் இடைநிலத்திலும் ஆஸ்பென் மரங்கள் பெருமளவில் பட்டுப்போயின. பின்னர் வானிலிருந்தும் தரையிலிருந்தும் செய்யப்பட்ட மதிப்பாய்வில், ஆய்வுப்பரப்பில் தரைக்கு மேலுள்ள ஆஸ்பென் மரப்பொருளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இறந்துவிட்டதாகக் கண்டனர். வறட்சி தனியே கொல்வதில்லை. நீரின்றி நலிந்த மரத்தை இலைதின்னிக் கூடாரப்புழுக்களும் தண்டு துளைக்கும் வண்டுகளும் பூஞ்சைகளும் முடித்துவைக்கின்றன. மரம் சாவது பல ஆண்டுகள் தாழ்ந்து நிகழ்வதால், காரணத்தையும் விளைவையும் மக்கள் இணைத்துக் காண்பதில்லை.

வண்டுகளின் பரவலும் வெப்பத்தோடு தொடர்புடையது. மலைப்பைன் வண்டு ராக்கி மலைத்தொடரின் மேற்கே நெடுங்காலம் அடங்கியிருந்தது. கடுங்குளிர் அதன் புழுக்களைக் கொன்று வந்தது. குளிர்காலம் மென்மையானபோது, இந்நூற்றாண்டின் முதற்பத்தாண்டில் அது பெருந்திரளாக மலையைக் கடந்து ஆல்பர்ட்டாவிற்குள் புகுந்தது. அதுவரை பெரிதும் பழகாத ஜாக் பைனிலும் இனம்பெருக்கத் தொடங்கியது. நகர மரங்களின் கதையும் இதனோடு எண்ணத்தக்கது. வின்னிபெக் நகரின் தெருக்களை மூடிநிற்கும் எல்ம் மரங்களை டச்சு எல்ம் நோய் 1975 முதல் அரித்துவருகிறது. 2017இல் அதே நகரில் ஆஷ் மரங்களைக் கொல்லும் மரகத வண்டும் கண்டறியப்பட்டது. புல்வெளி நகரங்கள் தம் தெருக்களுக்கு ஒருசில மர இனங்களையே மீண்டும் மீண்டும் நட்டமையால், ஒரு நோயோ ஒரு வண்டோ தெரு முழுவதையும் வெறுமையாக்க வல்லதாகிறது.

இவற்றுக்கெல்லாம் மேலாகத் தீ. 2023ஆம் ஆண்டில் கனடா முழுவதும் ஏறத்தாழ 1.5 கோடி ஹெக்டேர் எரிந்தது. 2025 மே மாத இறுதியில் மானிடோபாவும் சஸ்காச்சுவானும் அடுத்தடுத்து மாநிலம் தழுவிய நெருக்கடி நிலையை அறிவித்தன. ஃபிளின் ஃபிளான் போன்ற நகரங்களும் தொல்குடி ஊர்கள் பலவும் காலி செய்யப்பட்டன. இங்கே ஒரு முரண் தோன்றலாம். தீ இக்காடுகளுக்கு இன்றியமையாதது என்று மேலே கூறினோம். இங்கே தீயைக் கேடு என்கிறோம். முரண் இல்லை. பழைய தீக்கு ஒரு கால முறை இருந்தது. புல்வெளியிலும் அதனை ஒட்டிய காட்டிலும் அடிக்கடி வந்த சிறு தீ எரிபொருளைக் குறைத்துவைத்தது. அதனை ஒரு நூற்றாண்டு தடுத்தமையால் பல இடங்களில் எரிபொருள் சேர்ந்தது. அதன் மேல் வெப்பமும் வறட்சியும் கூடின. ஒரே இடத்தில் மிகக் குறுகிய இடைவெளியில் இருமுறை தீ வந்தால், விதை முதிருமுன் இளமரங்கள் எரிந்துவிடும். அவ்விடம் மீண்டும் காடாவது அரிது. கேடு தீயன்று, தீ தன் முறை தவறியதே.

எதிர்காலம் பற்றிய இரு நிலைப்பாடுகள்

இந்நிலையில் எதிர்காலம் பற்றி இரண்டு நிலைப்பாடுகள் நிலவுகின்றன. இழந்த மரங்களுக்கு ஈடாக அவ்வவ்விடத்திலேயே மீண்டும் நட வேண்டும் என்பது ஒன்று. காட்டின் தென் விளிம்பு புல்வெளியாவதைத் தடுக்க இயலாது. அதனை ஏற்றுக்கொண்டு, எந்தக் காடுகளைக் காப்பது, எவற்றை மாறவிடுவது என்று தேர்ந்து செயற்பட வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டாவதே அறிவுக்கு ஒத்தது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. நீர்க்கணக்கு பற்றாக்குறையாகிவிட்ட இடத்தில் நட்ட கன்று முப்பதாண்டில் எரிபொருளாகும். அதே உழைப்பை ஆற்றங்கரைக் காடுகளுக்கும், உழவு நிலத்துக் காற்றரண்களுக்கும், பல இனங்கள் கலந்த நகர மரங்களுக்கும், தொல்குடி மக்களின் வழிகாட்டலில் மூட்டப்படும் முறைத்தீக்கும் செலவிடுவது பயன் தரும்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. மரம் கரியைச் சேமிக்கிறது. புவி வெப்பமாகும் காலத்தில் எந்த மரத்தையும் இழக்கலாகாது என்பது அது. அம்மறுப்பைப் புறந்தள்ள இயலாது. வடபுலப் பெருங்காட்டைக் காப்பதற்கு அது முதன்மையான காரணம். ஆயினும் அதனைப் புல்வெளிக்கு நீட்டும்போது இரண்டு செய்திகளை நினைவிற்கொள்ள வேண்டும். புல்வெளி தன் கரியின் பெரும்பகுதியை மண்ணுக்கடியில் வைத்துள்ளது. தீ வந்தாலும் அது பெரிதும் காக்கப்படும். மேலும், பனி மூடிய வெண்ணிலம் கதிரொளியைத் திருப்பி அனுப்புகிறது. அதன் மேல் கரும்பச்சை ஊசியிலை மரங்கள் நின்றால் அவ்வொளி வெப்பமாக உட்கொள்ளப்படும். ஆகவே புல்லை அகற்றி மரம் நடுவதால் வரும் ஊதியம் நாம் எண்ணும் அளவினதன்று.

தமிழ்ச் சொற்களும் தமிழாய்வும்

இனி நம் துறைக்கு வருவோம். புல்லிடையே திட்டாக நிற்கும் ஆஸ்பென் தோப்பைக் கனடியப் புல்வெளி மக்கள் 'பிளஃப்' என்கின்றனர். ஆங்கிலத்தில் பிற இடங்களில் செங்குத்தான மேட்டைக் குறிக்கும் சொல், அங்கே மரக்கூட்டத்தைக் குறிக்கலாயிற்று. நிலம் சொல்லின் பொருளை மாற்றிக்கொள்கிறது. தமிழிலும் இவ்வாறே. அகராதிகள் காடு என்பதற்கு மரமடர்ந்த இடம் எனப் பொருள் தரினும், கொங்கு நாட்டிலும் கரிசல் நாட்டிலும் காட்டுக்குப் போகிறேன் என்பவர் புன்செய்க்கே போகிறார். பருத்திக்காடு, கடலைக்காடு, சோளக்காடு என்பன இன்றும் வழக்கில் உள்ளவை. காங்கேயம் பகுதியில் கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப் புல்லும் இடையிடையே வெள்வேல மரமுமாய்ப் பேணப்படும் மேய்ச்சல் நிலத்தின் பெயர் கொறங்காடு. அது மரம் நிறைந்த இடமன்று. மரமும் புல்லும் மாடும் மனிதரும் ஓர் அளவோடு கூடிவாழும் இடம். அதனைக் காடு என்றழைத்த உழவரின் சொல்லறிவு, காடெனில் மரச்செறிவு என்னும் நம் கல்விப்புல வரையறையைவிட நுட்பமானது.

முல்லைத்திணையும் இதனையே காட்டுகிறது. காடும் காடு சார்ந்த இடமும் என்னும் பாடநூல் வரையறையைக் கேட்கும் மாணவர் மனத்தில் எழுவது அடர்கானகம். ஆனால் முல்லையின் கருப்பொருள்களோ ஆயரும் ஆநிரையும் வரகும் மேய்ச்சலும் கொன்றையும் குருந்தும். இவை திறந்த வெளியின் அடையாளங்கள். புறவு, இறும்பு, பொதும்பர், கானம், அடவி எனக் காட்டின் படிநிலைகளுக்குத் தனித்தனிச் சொற்கள் தமிழில் இருந்தும், மொழிபெயர்ப்பில் நாம் அனைத்தையும் காடு என்னும் ஒற்றைச் சொல்லில் அடக்குகிறோம். புல்லும் மரமும் விரவிய இடைநிலத்திற்குப் புறவு என்பதையும், அதனுள் நிற்கும் மரத்திட்டிற்கு இறும்பு என்பதையும் சூழலியல் கலைச்சொற்களாக ஆளலாம் என இங்கே முன்மொழிகிறேன். புதுச்சொல் புனைவதைவிட, பொருத்தமான பழஞ்சொல்லுக்கு வேலை தருவது நன்று.

ஆயினும் ஓர் எச்சரிக்கை தேவை. சொல்லைக் கடன் கொடுப்பது வேறு. திணையை ஏற்றுவது வேறு. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்பது சிலப்பதிகாரம் தரும் விளக்கம். இடமாக இல்லாமல் நிகழ்வாகப் பாலையைக் கண்ட அந்நோக்கு வியக்கத்தக்கது. ஆஸ்பென் காடு வறட்சியில் பட்டுப்போவதைப் படிக்கும் தமிழாய்வாளர்க்கு அது உடனே நினைவுக்கு வரும். ஆனால் அங்கே காடு பட்டபின் வருவது பாலையன்று, பெரும்பாலும் புல். அப்புல்லுக்கு அதற்கேயுரிய பறவையும் பூவும் மந்தையும் உண்டு. அதனைப் பாலை என்று நாம் எழுதினால், 1857 முதல் 1860 வரை அந்நிலத்தை அளந்து அதன் தென்பகுதியை அமெரிக்கப் பாலைநிலத்தின் நீட்சியாகப் பதிவுசெய்த பாலிசர் பயணக்குழுவின் கண்ணோட்டத்தையே தமிழில் மீண்டும் எழுதியவர் ஆவோம். அந்நிலத்துக் குடிகளுக்குத் தம் நிலத்தை வகுத்துப் பெயரிட்ட சொந்தச் சொற்கள் உள்ளன. அவற்றை அறியாமல் திணைப்பெயர் சூட்டுவது ஒப்பாய்வு ஆகாது.

நம் மலைகளிலும் இதே பிழை நிகழ்ந்துள்ளது என்பதால் இவ்வெச்சரிக்கை நமக்கு அயலானதன்று. நீலகிரி, பழனி மலைகளின் உச்சியில் சோலையும் புல்வெளியும் மாறிமாறி அமைந்தவை. மரமில்லாத பகுதியைப் பயனற்ற நிலமாகக் கண்ட காலனிய ஆட்சியும் அதன் வழிவந்த காட்டுக்கொள்கையும் அப்புல்வெளிகளில் சீகை, தைல மரம் ஆகியவற்றை நட்டன. வரையாடும் தோதவர் எருமையும் மேய்ந்த புல் மறைந்தது. இன்று அதே சீகையை அகற்றப் பொருள் செலவிடப்படுகிறது. அன்று நட்டவர்களும் நிலத்தை வளப்படுத்துவதாகவே எண்ணினர் என்பதை மறக்கலாகாது. நெப்ராஸ்காவும் நீலகிரியும் ஒரே சொல்லால் கெட்டன: தரிசு.

நிறைவுரை

மேற்கண்டவற்றால் மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவது, பிரெய்ரிக் காடுகளின் நலிவுக்கு மரக்குறைவைவிட நீர்க்கணக்கின் சரிவும், தீமுறையின் குலைவும், மந்தையும் தொல்குடியும் அகற்றப்பட்டமையும் அடிப்படைக் காரணங்கள். இரண்டாவது, அவற்றின் எதிர்காலம் நடுகை எண்ணிக்கையில் இல்லை. எவ்விடத்தில் எதனைக் காப்பது என்னும் தேர்விலும், அத்தேர்வில் அந்நிலத்துக் குடிகளுக்குரிய இடத்திலும் உள்ளது. மூன்றாவது, தமிழில் சூழலியல் திறனாய்வு செய்வோர் காடு, புல்வெளி, தரிசு ஆகிய சொற்களை ஆராயாமல் ஆள்வதைக் கைவிட வேண்டும்.

மூன்றாவதே நம் கைக்குள் இருப்பது. திணை பற்றி ஆய்வேடு எழுதவரும் மாணவரிடம், பாடலில் வரும் மரங்களைப் பட்டியலிடச் சொல்வதற்கு முன், அம்மரங்களுக்கிடையே என்ன இருந்தது என்று கேட்கப் பழகுவோம். இடையில் இருந்தது புல் என்று அவர் விடை தருவாராயின், முல்லையைப் படிக்க அவர் ஆயத்தமாகிவிட்டார் என்று பொருள்.